முதலீட்டாளர்களும் போர்டும்: சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெஞ்சர் கேபிடல் பணத்தில் வளரும் சாஃப்ட்வேர் கம்பெனிகளின் நிதிப் பிரிவில் பல வருடம் இருந்தேன். போர்டு, அதாவது டைரக்டர்கள் குழு, கூடும் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. கூட்டம் முடிந்து கதவைத் திறந்தால் டெவலப்பர், டெஸ்டர், சேல்ஸ்காரர் என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். "உள்ளே வந்திருந்தவர்கள் யார்? அவர்கள் கையில் என்ன இருக்கிறது? நமக்கு என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். இது வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலீட்டாளர் போடுவது அவருடைய சொந்தப் பணமா?

ஏஞ்சல் முதலீட்டாளர், அதாவது தொடக்க நிலைக் கம்பெனியில் தனி ஆளாகப் பணம் போடுபவர் என்றால் ஆமாம், சொந்தப் பணம்தான். 1998 ஆகஸ்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸை நிறுவியவர்களில் ஒருவரான ஆண்டி பெக்டோல்ஷைம், 'கூகுள் இன்க்' என்ற பெயருக்கு 1,00,000 டாலர் செக் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரில் அப்போது கம்பெனியே பதிவாகவில்லை. பதிவு செய்து வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் செக்கைப் போட முடிந்தது. சொந்தப் பணம் என்பதால் யாரையும் கேட்காமல் அவரால் அப்படிக் கொடுக்க முடிந்தது.

வெஞ்சர் கேபிடல் நிறுவனம், அதாவது நாம் விசி என்று சுருக்கிச் சொல்வது, வேறு கதை. அங்கே பெரும்பகுதி பிறர் பணம். ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரும் பணக்காரக் குடும்பங்கள் ஆகியோர் ஒரு ஃபண்டில் பணம் போடுகிறார்கள். விசி பார்ட்னர்கள் அதை நிர்வகிக்கிறார்கள். வழக்கமான ஃபண்டின் ஆயுள் 10 வருடம், கொஞ்சம் நீட்டிக்கலாம். நிர்வாகக் கட்டணமாக வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, லாபத்தில் ஏறக்குறைய 20 சதவீதம் பார்ட்னர்களுக்கு.

இந்த முறையின் வேர் 1946-இல் இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டோரியோ முன்னின்று நடத்திய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் அந்த வருடம் தொடங்கியது. 1957-இல் அது டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் 70,000 டாலர் போட்டது. அந்தப் பங்கு பின்னால் ஆயிரக்கணக்கான மடங்கு ஆனது. அமெரிக்காவில் ஓய்வூதிய நிதிகளும் இப்படிப்பட்ட முதலீட்டில் இறங்கலாம் என்று 1979-இல் விதியைத் தெளிவாக்கினார்கள். பெரும் பணம் வந்து சேர்ந்தது அதற்கு அப்புறம்தான்.

உங்கள் மீட்டிங் ரூமுக்கு வந்துபோகும் பார்ட்னருக்கும் மேலே கணக்குக் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் பாதி அதிலிருந்துதான் புரியும்.

முதலீட்டாளரும் போர்டு டைரக்டரும் ஒன்றா?

ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டும் வேறு பொறுப்புகள். முதலீட்டாளர் பங்குதாரர். அவர் தன் லாபத்தைப் பார்க்கலாம், அதில் தவறில்லை. டைரக்டர் என்று நாற்காலியில் உட்கார்ந்த கணமே அவர் கம்பெனிக்குப் பொறுப்பானவர். கவனமாக முடிவெடுக்கும் கடமையும் விசுவாசக் கடமையும் சட்டப்படி அவர்மேல் வந்துவிடும். ஒரு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொள்வதாக அவர்களே சொல்வார்கள். அது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கீழே வழக்கு ஒன்றோடு சொல்கிறேன்.

எல்லா முதலீட்டாளருக்கும் நாற்காலி கிடைக்காது. ஒவ்வொரு முறை முதலீடு திரட்டுவதையும் ரவுண்டு என்பார்கள். அந்த ரவுண்டில் விலையும் நிபந்தனையும் பேசி முன்னின்று பெரும்பணம் போடுகிறவர், அதாவது லீட் முதலீட்டாளர்தான் பெரும்பாலும் டைரக்டராக வருவார். இணையதளத்தில் லோகோவை வரிசையாகப் போட்டிருப்பார்களே, அதில் முக்கால்வாசிப் பேருக்குக் கூட்டத்தில் ஓட்டே கிடையாது.

யாருக்கு எத்தனை இடம் என்பது எப்படி முடிவாகிறது?

பேரம்தான். டெர்ம் ஷீட் என்ற சில பக்க ஒப்பந்தச் சுருக்கத்தில் முதலில் எழுதுவார்கள், பிறகு கம்பெனியின் சாசனத்திலும் ஓட்டு ஒப்பந்தத்திலும் அது ஏறும். தொடக்கத்தில் மூன்று பேர் இருப்பார்கள்: ஃபவுண்டர்கள் இருவர், முதலீட்டாளர் ஒருவர். சீரிஸ் ஏ, சீரிஸ் பி என்று ரவுண்டுகள் போகப் போக ஐந்து, ஏழு என்று வளரும். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட தனி டைரக்டர் ஒருவரும் வருவார்.

அந்தத் தனி டைரக்டர் இடத்தைத்தான் நான் எப்போதும் கவனிப்பேன். இரண்டுக்கு இரண்டு என்று ஓட்டுப் பிரிந்தால் கம்பெனியின் தலையெழுத்து அவர் கையில் இருக்கிறது. பல கம்பெனிகள் அந்த இடத்தை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று காலியாகவே விட்டுவைக்கின்றன. சண்டை வந்த பிறகு ஆள் தேடினால், இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்கிற ஒருவர் கிடைக்கவே மாட்டார். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தை நிரப்பிவிட வேண்டும்.

போர்டு அப்சர்வர் என்று ஒருவர் வருகிறாரே, அவர் யார்?

கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், தாள்களைப் படிக்கலாம். ஓட்டுப் போட முடியாது. சிறிய முதலீட்டாளர்களுக்கும், முதலீடு செய்த பெரிய கம்பெனிகளுக்கும் இந்த இடத்தைக் கொடுப்பார்கள். பெரிய கம்பெனி உங்களுக்கு நாளைக்குப் போட்டியாக வரக்கூடியது என்றால், ரகசியமான பக்கங்கள் வரும்போது அந்த ஆளை வெளியே இருக்கச் சொல்லும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கூட்டத்தில் உண்மையில் என்னதான் நடக்கிறது?

மூன்று நான்கு நாள் முன்பே ஸ்லைடுகள் போய்விடும், போக வேண்டும். நல்ல டைரக்டர் படித்துவிட்டு வருவார். படிக்காமல் வந்தவர் யார் என்று முதல் பத்து நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், நாலாவது பக்கத்தில் இருக்கும் பதிலை இரண்டாவது பக்கத்தில் கேட்பார்.

முதலில் போன கூட்டத்தின் குறிப்புக்கு ஒப்புதல். பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஸ்டாக் ஆப்ஷன், அதாவது கம்பெனிப் பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமை, கொடுக்கும் தீர்மானம். உங்கள் ஆஃபர் லெட்டரில் எவ்வளவு எழுதியிருந்தாலும் போர்டு கைதூக்கினால்தான் அது ஆப்ஷன். இது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் எண்கள்: வருடாந்தரச் சந்தா வருமானம் எவ்வளவு ஏறியது, எத்தனை வாடிக்கையாளர் விலகினார்கள், மாதம் எவ்வளவு பணம் கரைகிறது, கையில் இருப்பது இன்னும் எத்தனை மாதம் தாங்கும்.

நான் பார்த்த ஒரு டைரக்டர், தாளைக் கையில் வாங்கியதும் வளர்ச்சி வரைபடத்தைத் தாண்டிப் போய், விலகிய வாடிக்கையாளர்களின் பட்டியலை எடுத்து மேலே வைத்துக்கொள்வார். பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு, "இவரோடு கடைசியாக யார் பேசினீர்கள்?" என்று கேட்பார். சேல்ஸ் தலைவர் பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த பெயருக்குப் போகாமல் காத்திருப்பார். அந்த மௌனம் அரை நிமிடம்தான் இருக்கும். ஆனால் அடுத்த கூட்டத்துக்குள் அத்தனை பேரோடும் யாராவது பேசியிருப்பார்கள். பணத்தைவிட அந்தக் கேள்வி அந்தக் கம்பெனிக்கு அதிகம் உதவியது என்று இன்றும் நினைக்கிறேன்.

கடைசியில் நிர்வாகிகளை வெளியே அனுப்பிவிட்டு டைரக்டர்கள் மட்டும் பேசுவார்கள். அது வழக்கமான நடைமுறை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சிஇஓ நிற்பதைப் பார்த்து ஆபீஸ் முழுக்க வதந்தி பரப்ப வேண்டாம். வழக்கமாக நடக்காமல் திடீரென்று ஒருநாள் அப்படி நடந்தால்தான் யோசிக்க வேண்டும்.

போர்டில் பெரும்பான்மை இல்லாத முதலீட்டாளரால் எதையும் தடுக்க முடியாதுதானே?

முடியும். பலருக்குத் தெரியாத இடம் இது. விசி வாங்குவது நம்முடையதைப் போன்ற சாதாரணப் பங்கு கிடையாது, முன்னுரிமைப் பங்கு: கம்பெனியை விற்றால் அதற்குத்தான் முதலில் பணம். அதோடு சில பாதுகாப்பு உரிமைகளும் சேர்ந்தே வரும். கம்பெனியை விற்பது, புது வகை முன்னுரிமைப் பங்கு வெளியிடுவது, சாசனத்தை மாற்றுவது, போர்டின் அளவைக் கூட்டுவது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடன் வாங்குவது ஆகியவற்றுக்கு முன்னுரிமைப் பங்குதாரர்களின் தனி ஒப்புதல் வேண்டும் என்று எழுதியிருக்கும். போர்டில் ஐந்துக்கு ஐந்தும் சரி என்று சொன்னாலும் இந்த ஒப்புதல் இல்லாமல் கம்பெனியை விற்க முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. குறிப்பிட்ட பெரும்பான்மை விற்கலாம் என்று முடிவு செய்துவிட்டால், மீதிப் பங்குதாரர்களும் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்ற இழுத்துச்செல்லும் பிரிவு. ஆப்ஷனைப் பங்காக மாற்றிய ஊழியரையும் பெரும்பாலும் இது கட்டுப்படுத்தும்.

ஃபவுண்டரையே வெளியே அனுப்ப முடியுமா?

முடியும், நடந்திருக்கிறது. 2017 ஜூனில் பெஞ்ச்மார்க் என்ற விசி உட்பட ஐந்து பெரிய முதலீட்டாளர்கள் ஊபரின் சிஇஓ டிராவிஸ் காலனிக்குக்குக் கடிதம் கொடுத்தார்கள். பதவி விலக வேண்டும் என்பதே கோரிக்கை. அவர் விலகினார். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. போர்டில் கூடுதலாக மூன்று இடங்களை உருவாக்கி அவற்றை நிரப்பும் உரிமையை 2016-இலேயே அவர் பெற்றிருந்தார். அதை எதிர்த்து அந்த ஆகஸ்டில் பெஞ்ச்மார்க் அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. தான் பணம் போட்டு வளர்த்த கம்பெனியின் ஃபவுண்டர்மேல் ஒரு விசி வழக்குப் போடுவது மிகவும் அபூர்வம். நாற்காலிகளின் எண்ணிக்கைக்காக அவ்வளவு தூரம் போனார்கள் என்றால், அந்த மூன்று நாற்காலிகளின் கனம் என்ன என்று புரிந்துகொள்ளலாம். பிறகு ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்கின் பெரிய முதலீடு வந்தபோது வழக்கைக் கைவிட்டார்கள்.

சுமுகமாக நடந்ததும் உண்டு. 1999-இல் கிளைனர் பெர்கின்ஸ், செகோயா என்ற இரண்டு விசிகள் சேர்ந்து கூகுளில் 2.5 கோடி டாலர் போட்டன. அவற்றின் பார்ட்னர்களான ஜான் டோயரும் மைக்கேல் மொரிட்ஸும் போர்டுக்கு வந்தார்கள். அனுபவமுள்ள ஒரு சிஇஓ வேண்டும் என்று அவர்கள் விடாமல் வற்புறுத்தினார்கள். 2001-இல் எரிக் ஷ்மிட் வந்தார். ஃபவுண்டர்கள் இருவரும் கம்பெனியிலேயே இருந்தார்கள், பெரிய முடிவுகளிலும் இருந்தார்கள். 2004-இல் பங்குச்சந்தைக்குப் போகும்போது, தங்கள் வகைப் பங்குக்கு ஒன்றுக்குப் பத்து ஓட்டு என்று வைத்துக்கொண்டதால் பிடியையும் விடவில்லை.

டைரக்டரின் விசுவாசம் யாருக்கு? அவரை அனுப்பிய ஃபண்டுக்கா, நம் கம்பெனிக்கா?

நான் மிகவும் அக்கறையோடு பதில் சொல்லும் கேள்வி இது. இதற்கு ட்ராடோஸ் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ட்ராடோஸ், மொழிபெயர்ப்பாளர்களுக்கான சாஃப்ட்வேர் செய்த கம்பெனி. விசி பணம் வாங்கியிருந்தது. எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. 2005-இல் எஸ்டிஎல் என்ற நிறுவனத்துக்கு ஏறக்குறைய 6 கோடி டாலருக்கு விற்றார்கள். அதில் 78 லட்சம் டாலர், விற்பனையை முடித்துக் கொடுப்பதற்கான ஊக்கத்தொகையாக நிர்வாகிகளுக்குப் போனது. மீதி 5.22 கோடி முன்னுரிமைப் பங்குதாரர்களுக்கு. சாதாரணப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை. முன்னுரிமைப் பங்குதாரர்களுக்குச் சேர வேண்டியது 5.79 கோடி என்பதால், அவர்கள் வாய்க்கே முழுதாகப் போதவில்லை.

சாதாரணப் பங்குதாரர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013-இல் டெலவேர் சான்சரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு விஷயங்களை அது பிரித்துப் பார்த்தது. விற்பனையை நடத்திய விதம் நியாயமாக இல்லை: போர்டில் பெரும்பான்மையினர் முன்னுரிமைப் பங்குதாரர்களின் நலனையோ தங்கள் ஊக்கத்தொகையையோதான் பார்த்தார்கள், சாதாரணப் பங்குதாரருக்காக யாரும் யோசிக்கவில்லை. ஆனால் கிடைத்த விலை நியாயமானதுதான்: விற்காமல் நடத்தியிருந்தாலும் சாதாரணப் பங்குக்கு மதிப்பு வந்திருக்க வழியில்லை. அதனால் டைரக்டர்கள் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

தோற்ற வழக்குத்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதற்குப் பிறகு விற்பனை பேசும் போர்டு அறைகளில் பேச்சே மாறிவிட்டது. "சாதாரணப் பங்குதாரருக்கு இது நல்லதா என்று யோசித்தோமா? குறிப்பில் இருக்கிறதா?" என்று வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். குறிப்பு எழுதுகிறவன் என்ற முறையில் அந்த வரியை எழுதும்போதெல்லாம், அது வெறும் சம்பிரதாயமாகப் போய்விடக்கூடாது என்ற கவலை எனக்கு இருந்திருக்கிறது. அந்தச் சாதாரணப் பங்குதாரர்கள் பக்கத்து அறையில்தான் கோடு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல விலைக்குக் கேட்டு வருகிறார்கள், முதலீட்டாளர் ஏன் விற்க விடுவதில்லை?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஃபண்டின் அளவு 30 கோடி டாலர், நம் கம்பெனியில் அதன் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10 கோடி டாலருக்கு ஒருவர் கேட்கிறார். 25 சதவீதம் வைத்திருக்கும் ஃபவுண்டருக்கு 2.5 கோடி: மூன்று தலைமுறைக்குப் போதும். ஃபண்டுக்கு 2 கோடி. பணம் போட்டவர்களுக்கு மூன்று மடங்காவது, அதாவது 90 கோடியாவது திருப்பித் தர வேண்டும் என்று உழைக்கிற பார்ட்னருக்கு 2 கோடி எந்த மூலைக்கு? ஒரு ஃபண்டில் பெரும்பாலான கம்பெனிகள் போட்ட பணத்தையே திருப்பித் தராது, ஒன்றிரண்டுதான் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தும். நம்முடையது அந்த ஒன்றாக இருக்கலாம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அவர் காத்திருக்கச் சொல்வார்.

அந்த மாதிரி ஒன்று வாட்ஸ்அப். அதில் பணம் போட்ட ஒரே விசி செகோயா. மொத்தம் ஏறக்குறைய 6 கோடி டாலர். 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது செகோயாவின் பங்கு சுமார் 300 கோடி டாலர் என்று செய்திகள் கணக்கிட்டன.

இதே ஆள், ஃபண்டின் ஒன்பதாவது வருடத்தில் வேறு ஆளாகிவிடுவார். அப்போது பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்பார்கள். "இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள், வளர்த்துக் காட்டுகிறோம்" என்று ஃபவுண்டர் சொன்னாலும் "இப்போதே விற்கலாமே" என்பார். நல்லவர் கெட்டவர் என்று பார்த்தால் இது பிடிபடாது. எந்த வருடத்து ஃபண்டிலிருந்து நமக்குப் பணம் வந்தது என்று பாருங்கள்.

கம்பெனி 5 கோடி டாலருக்கு விற்றால், என் 0.1 சதவீதத்துக்கு 50,000 டாலர் வருமா?

பெரும்பாலும் வராது. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

கம்பெனி இதுவரை 4 கோடி டாலர் முதலீடு வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர்களின் பங்கு 60 சதவீதம். மீதி 40 சதவீதம் ஃபவுண்டர்களும் ஊழியர்களும். விற்கும்போது, போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம் அல்லது சாதாரணப் பங்காக மாற்றிச் சதவீதப்படி வாங்கிக்கொள்ளலாம் என்பது முன்னுரிமை. எது அதிகமோ அதை எடுப்பார்கள். நிர்வாகிகளின் விற்பனை ஊக்கத்தொகை 40 லட்சம் என்று வையுங்கள்.

5 கோடியில் 40 லட்சம் போனால் 4.6 கோடி. அதில் 60 சதவீதம் 2.76 கோடி. 4 கோடி அதைவிடப் பெரியது. அதனால் முதலீட்டாளர்கள் 4 கோடியை எடுத்துவிடுவார்கள். மிச்சம் 60 லட்சம், அதை 40 சதவீதக்காரர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் 0.1 என்பது அந்த 40-இல் நானூற்றில் ஒரு பங்கு. ஆக 15,000 டாலர். ஆப்ஷன் விலையையும் வரியையும் அதில் கழிக்க வேண்டும். விலை 4.5 கோடி ஆகியிருந்தால் உங்களுக்கு 2,500. விலை குறைந்தது பத்து சதவீதம்தான், உங்கள் கைக்கு வருவது ஆறில் ஒன்றாகிவிட்டது.

முன்னுரிமை ஒரு மடங்கு என்பதுதான் பரவலான வழக்கம். நெருக்கடியில் வாங்கிய ரவுண்டுகளில் ஒன்றரை, இரண்டு மடங்கு என்றும் இருக்கும். போட்ட பணத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்திலும் பங்கு கேட்கும் வகையும் உண்டு.

மொபைல் பாதுகாப்பு சாஃப்ட்வேர் செய்த குட் டெக்னாலஜி என்ற கம்பெனி 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டிருந்தது. 2015-இல் பிளாக்பெரிக்கு 42.5 கோடிக்குப் போனது. ஊழியர்களின் சாதாரணப் பங்குக்குக் கிடைத்தது 44 சென்ட். முன்னுரிமைப் பங்குக்கு அதைப்போலப் பல மடங்கு.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியும் இப்படி விற்றுப்போனது. எங்களோடு ஏழு வருடம் இருந்த டெஸ்டர் அக்கா ஒருவர், சேமிப்பை எடுத்து ஆப்ஷனைப் பங்காக மாற்றி வைத்திருந்தார். அறிவிப்பு வந்த மாலை என் மேஜைக்கு வந்து, ஒரு துண்டுத் தாளில் தான் போட்டிருந்த கணக்கைக் காட்டினார். விற்ற விலையைத் தன் சதவீதத்தால் பெருக்கியிருந்தார், அவ்வளவுதான். பெருக்கல் சரியாக இருந்தது. அதற்கு முன்னால் முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகையைக் கழிக்க வேண்டும் என்ற ஒரு வரி அந்தத் தாளில் இல்லை. நான் பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை எழுதினேன். அவர் போட்ட பணமே திரும்பவில்லை. அந்த வரியை ஏழு வருடத்துக்கு முன்பே யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் வேலைக்குச் சேரும் முன் என்ன கேட்பது?

மொத்தப் பங்கு எத்தனை என்று முதலில் கேளுங்கள், ஆப்ஷன் எல்லாம் சேர்த்து. "உங்களுக்கு 20,000 ஆப்ஷன்" என்ற எண்ணுக்கு அது தெரியாமல் அர்த்தமே இல்லை. அப்புறம், இதுவரை வாங்கிய மொத்த முதலீடு எவ்வளவு, முன்னுரிமை ஒரு மடங்கா, அதற்கு மேலா? இந்த விலைக்குக் கீழே விற்றால் சாதாரணப் பங்குக்கு ஒன்றும் வராது என்ற எல்லைக்கோடு கிட்டத்தட்ட எங்கே? வேலையை விட்டால் ஆப்ஷனைப் பங்காக மாற்ற எத்தனை நாள்? அமெரிக்கக் கம்பெனிகளில் 90 நாள் என்பது வெகு சாதாரணம்.

கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். முழு விவரமும் சொல்ல முடியாது என்று அவர்கள் சொல்லலாம். சரி, ஆனால் கேள்வி புரியாததுபோல் நடந்துகொண்டால் நான் அந்த ஆஃபரில் பங்கின் மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் பார்ப்பேன்.

போர்டில் யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கம்பெனிகள் பதிவகத்தின் இணையதளத்தில் டைரக்டர்கள் பெயரும், கம்பெனிமேல் கணிசமான பிடி உள்ளவர்கள் பெயரும் இலவசமாகக் கிடைக்கும். அமெரிக்காவில் தனியார் கம்பெனி முதலீடு திரட்டினால், பங்குச்சந்தை ஆணையத்திடம் 'ஃபார்ம் டி' என்ற சின்னப் படிவம் கொடுப்பது வழக்கம். அதில் டைரக்டர்கள் பெயரும் திரட்டிய தொகையும் இருக்கும். பத்திரிகைச் செய்தியில் "எங்கள் பார்ட்னர் இன்னார் போர்டில் இணைகிறார்" என்று ஒரு வரி வரும், அதைத் தேடிப் பாருங்கள். அந்த வரி இல்லாத ரவுண்டு என்றால் யார் வழிநடத்தியது என்று விசாரிக்கலாம்.

நான் ஊழியன் அல்ல, அந்த சாஃப்ட்வேரை வாங்கும் வாடிக்கையாளன். எனக்கு இதெல்லாம் எதற்கு?

அந்த சாஃப்ட்வேரில் உங்கள் தொழிலே ஓடுகிறது என்றால், அது யாருக்கு எப்போது விற்கப்படும் என்பது உங்கள் பிரச்சினையும்தான். கடைசியாக எப்போது முதலீடு வந்தது, முக்கிய முதலீட்டாளர் உங்கள் போட்டியாளரிலும் பணம் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கம்பெனி கைமாறினால் உங்கள் தரவை முழுமையாக எடுத்துக்கொண்டு போக எவ்வளவு காலம் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாங்குகிறவர் அந்த சாஃப்ட்வேரையே நிறுத்திவிடுவது சாதாரணமாக நடக்கிற காரியம்.

ஊழியர் ஒருவர் டைரக்டரிடம் நேரடியாகப் பேசலாமா?

பேசலாம், விதிமுறை எதுவும் தடுக்காது. சிஇஓவுக்குத் தெரிந்தே பேசுவது நல்லது. மோசடி, துன்புறுத்தல் போன்ற விஷயம் என்றால் அதற்கென்று கம்பெனி வைத்திருக்கும் புகார் வழியில் தனி டைரக்டருக்கே போகலாம்.

நல்ல டைரக்டர்கள் தாங்களே தேடி வருவார்கள். மேலே சொன்னேனே, விலகிய வாடிக்கையாளர் பட்டியலை மேலே வைத்துக்கொள்பவர். அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, சப்போர்ட் பிரிவில் யாராவது ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, இன்னொரு ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு அழைப்புகளைக் கேட்பார். எதுவும் பேசமாட்டார், கையிலிருக்கும் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு கூட்டத்தில் ஸ்லைடு ஓடும்போது அந்த நோட்டைத் திறந்து, "இன்று காலை ஒரு அம்மா இன்வாய்ஸ் டவுன்லோட் ஆகவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார்" என்று தொடங்குவார். அந்த இன்வாய்ஸ் பிரச்சினை அடுத்த வாரமே சரியானது.